நீலகிரி லில்லியைத் தேடி

நீலகிரி லில்லியைத் தேடிப் போனது அவலாஞ்சிக்கு மேலே எந்தச் சரிவுக்கு என்பதை மட்டும் எழுத மாட்டேன். தரையில் வளரும் ஆர்க்கிட்களைக் கிழங்கோடு தோண்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். படங்களிலிருந்துகூட இருப்பிடத் தகவலை நீக்கிய பிறகே பகிர வேண்டும் என்பது எங்கள் குழுவின் முதல் விதி.

ஊட்டியிலிருந்து எமரால்டு வழியாக வேனில் போனோம். வனத்துறை அனுமதி கையில் இருந்தது. வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரும் உடன் வந்தார். குழுவை நடத்தியவர் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர். சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் வாத்தியார்தான். செப்டம்பர் மாதம், தென்மேற்குப் பருவமழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்த ஊர் அல்லவா! சோலைக்குள் நுழைந்த சற்று நேரத்திலேயே அட்டைகள் காலுறைக்குள் குடியேறிவிட்டன.

சோலை முடிந்ததும் சட்டென்று வெட்டவெளி. பள்ளத்தில் சோலை, மேட்டில் புல், இதுதான் இந்த மலையின் இயல்பு. குளிர்கால உறைபனி சோலை மரங்களின் கன்றுகளைக் கருக்கிவிடும், புல் தாங்கும். அதைத் தரிசு என்று நினைத்து ஆங்கிலேயர் காலத்தில் சீகை என்கிற வாட்டில் மரமும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் நடத் தொடங்கினார்கள். விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாக அந்த நடவு சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது, நட்ட இடத்தில் புல்வெளி மறைந்தது. மரம் நடுவதெல்லாம் நல்லதே என்று மேடையில் முழங்குகிறவர்களை இங்கே ஒருமுறை அழைத்து வர வேண்டும்.

வரிசையாகப் பிரிந்து, குனிந்தபடி நடந்தோம். "தம்பி, பூவைத் தேடுவதற்கு முன் காலடியைப் பார்" என்று வாத்தியார் அதட்டினார். நீர் கசியும் இடமொன்றில் பூச்சி பிடித்துத் தின்னும் செடியான அழுகண்ணி நின்றது. முழங்காலிட்டுப் பார்த்தேன். விரல் நகத்தைவிடச் சிறிய இலை, விளிம்பெல்லாம் சிவந்த மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் பசை முத்து. ஒன்றில் கொசு அளவே இருந்த பூச்சி ஒரு காலை மட்டும் இன்னும் அசைத்துக்கொண்டிருந்தது. சத்தில்லாத ஈர மண்ணில் நைட்ரஜனுக்கு இதற்கு வேறு வழியில்லை. அங்கேயே கால்மணி நேரம் போய்விட்டது. வாத்தியார்கூட ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மேட்டில் சாட்டிரியம் என்ற தரை ஆர்க்கிட், புல்லுக்கு மேல் தலைநீட்டிய இளஞ்சிவப்புக் கதிர்களாக. ஒவ்வொரு பூவின் பின்னாலும் இரண்டு தேன்குழல்கள் வால்போலத் தொங்கின. செடிகளைக் கணக்கெடுக்கும் படிவத்தில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. வந்த காரணம் மட்டும் கண்ணில் படவில்லை.

கடைசியில் லில்லியைக் காட்டியவர் காவலர்தான். பாறை இடுக்கில் ஒரே தண்டு. அதன் உச்சியில் ஏறக்குறைய ஒரு சாண் நீள வெள்ளை ஊதுகுழல், வாயோரம் மழைத்துளிகள். அருகே போகும் முன்பே மணம் வந்துவிட்டது. நீலகிரியின் பெயரை இதற்குச் சூட்டியவர் கோவையில் பருத்திப் பண்ணை நடத்திய கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ராபர்ட் வைட். எனக்கோ அவருக்காகத் தென்னிந்தியச் செடிகளை வரைந்து தள்ளிய ரங்கையாவும் கோவிந்துவும்தான் நினைவுக்கு வந்தார்கள். செல்பேசி இல்லாமல் இந்த இதழின் வளைவைத் தாளில் பிடிக்க எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்!

"குறிஞ்சி எங்கே அக்கா?" என்று புதிதாக வந்த கல்லூரி மாணவி கேட்டாள். அவள் சாய்ந்து நின்றதே குறிஞ்சிப் புதர்தான். 2018இல் மலையையே நீலமாக்கியது, இனி 2030இல்தான் பூக்கும். அதுவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

லில்லிக்குச் சில அடி மேலேயே சீகைக் கன்றுகள் நெருக்கமாக முளைத்திருந்தன. அதன் விதை பல்லாண்டுகள் மண்ணுக்குள் கிடந்து முளைக்கக்கூடியது. மண் ஈரமாக இருக்கும்போது இழுத்தால் இளங்கன்று வேரோடு வந்துவிடும் என்பதால் எல்லாரும் பையை இறக்கி வைத்துவிட்டுப் பிடுங்கத் தொடங்கினோம். பாதிகூட முடியவில்லை. காட்டுமாடுகள் இறங்கும் நேரமாகிவிட்டது என்று காவலர் விரட்டினார். மீதிச் சரிவு அடுத்த மாதம் வருகிற குழுவுக்கு. வருகிறவர்கள் கையுறையும் அட்டைக்கான நீளக் காலுறையும் கொண்டு வாருங்கள். உப்புப் பொட்டலம் வேண்டாம், இந்தப் புல்லுக்கு உப்பு ஆகாது.