மொட்டை மாடியில் முடைநாற்றம்

18.08.2024, ஞாயிறு

ஸ்டாப்பேலியா ஜைஜான்டியா மொட்டு விட்டிருக்கிறது! ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கூரியரில் விரல் நீளத் துண்டாக வந்தது. வெட்டுவாய் காயட்டும் என்று ஒரு வாரம் நிழலில் போட்டுவைத்து, அப்புறம்தான் நட்டேன். ஆற்று மணலும் உடைத்த செங்கலும் முக்கால் பங்கு, செம்மண் கால் பங்கு. இலை கிடையாது, குத்தும் முள்ளும் கிடையாது. நாலு பட்டையாக, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருக்கும் தண்டு மட்டும்தான். பார்க்கிறவர்கள் எல்லாம் கள்ளி என்கிறார்கள். கள்ளிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எருக்கு, அலரி குடும்பம். சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் தெற்குப் பக்கம்.

தண்டின் அடியில் மிளகு பருமனில் மூன்று மொட்டு.

07.09.2024, சனி

ரெண்டு உதிர்ந்துவிட்டது. மிச்சமிருக்கிற ஒன்று, இன்றைக்கு விநாயகர் சதுர்த்தி என்று தெரிந்த மாதிரி, கொழுக்கட்டையாக ஊதி நிற்கிறது. நுனிக்கூர் உட்பட அச்சு அசல். உள்ளே பூரணம் இல்லை, காற்றுதான். அழுத்திப் பார்க்கக் கை பரபரக்கிறது.

ஸ்டாப்பேலியா என்ற இந்தப் பேரினத்துக்கு ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1737இல் பேர் வைத்தார், ஸ்டாப்பல் என்ற டச்சு மருத்துவரின் நினைவாக. ஜஸ்டஸ் ஹியூர்னியஸ் என்ற பாதிரியார் 1624இல் கப்பலில் போகிற வழியில் நன்னம்பிக்கை முனையில் இறங்கி, இந்தச் சாதிச் செடி ஒன்றை வரைந்திருந்தார். அந்தப் படம் ஸ்டாப்பலின் புத்தகத்தில் ஏறியது. ஸ்டாப்பல் செத்து நூறு வருஷம் கழித்து இந்த நாற்றத்துக்கு அவர் பேர்! பாதிரியார் பேரில் ஹுயர்னியா என்று ஒரு பேரினம் இருக்கிறது, அதுவும் எழுத்து மாறி. பாவம் ரெண்டு பேரும்.

12.09.2024, வியாழன்

விரிந்துவிட்டது. அடிக்கோல் வைத்தேன்: முனைக்கு முனை 27 சென்டிமீட்டர். மங்கின மஞ்சளில் அரக்குச் சிவப்பு வரிகள், வரிக்கு வரி சுருக்கம், ஓரமெல்லாம் மெல்லிய மயிர். எதையோ உரித்துத் தோலைக் காயப்போட்ட மாதிரி கிடக்கிறது.

காலையில் ஒன்றும் இல்லை. பதினொரு மணி வெயில் ஏறியதும் ஆரம்பித்தது. கருவாடு என்று சொல்ல மாட்டேன், கருவாட்டு வாசத்துக்குப் பசியாவது எடுக்கும். இது அசல் முடை. அழுகின இறைச்சியில் கிளம்பும் அதே கந்தகச் சேர்மங்களை இந்தச் சாதிப் பூக்கள் தாமே தயாரிக்கின்றன.

13.09.2024, வெள்ளி

கீழ்வீட்டு அக்கா மேலே வந்துவிட்டார். "தம்பி, தண்ணித் தொட்டிக்குள்ள புறா கிறா விழுந்து கெடக்கா?" நான் பூவைக் காட்டுவதற்குள் அவர் வீட்டுக்காரர் ஏணி போட்டு மூடியைத் திறந்துவிட்டார். சும்மா இறங்கிவர மனசில்லாமல் தொட்டியைக் கழுவியும் விட்டோம். அக்கா பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்குக் காசு வேற குடுத்தியா?"

பச்சை ஈ ஏழெட்டு மொய்க்கிறது. பூவின் நடுக்குழியைச் சுற்றி வெள்ளையாக, ரவை சிந்தின மாதிரி முட்டை.

14.09.2024, சனி

முட்டை பொரிந்துவிட்டது. நூல் கனத்தில் புழுக்கள் இறைச்சியைத் தேடி நெளிகின்றன. அங்கே தின்ன ஒன்றும் இல்லை. சாயங்காலத்துக்குள் பாதி அசையவில்லை. தாய் ஈ மோசம் போனது பெரிசில்லை, இதுகளைப் பார்க்கத்தான் ஒரு மாதிரி இருந்தது.

லென்ஸ் வைத்துப் பார்த்ததில் ஒரு ஈயின் வாயுறிஞ்சியில் மஞ்சளாக ரெண்டு பொட்டு தொங்கியது. மகரந்தம்! இதில் அது தூளாக உதிராது. கட்டியாகி ஜோடி ஜோடியாக ஒரு கவ்வியில் மாட்டியிருக்கும். ஈ உறிஞ்சியைப் பிளவுக்குள் விட்டு இழுத்தால் கவ்வி பிடித்துக்கொண்டு கூடவே வந்துவிடும். எருக்கம்பூவுக்கு வரும் கருவண்டின் காலில் ஒட்டுவதும் இப்படித்தான். அந்த ஈ காலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தது, போகவே இல்லை.

15.09.2024, ஞாயிறு

பூ சுருண்டுவிட்டது. கீழ்வீட்டில் ஜன்னல் திறந்திருக்கிறது.

27.10.2024, ஞாயிறு

மழையில் ஒரு தண்டு அடியில் கறுத்துக் கொழகொழத்துப் போனது. என் தப்புதான், தொட்டியை ஷெட்டுக்குள் நகர்த்தாமல் நாளை நாளை என்று விட்டேன். நல்ல சதை தெரிகிற வரைக்கும் அறுத்து, வெட்டுவாயில் சாம்பல் தடவிக் காயவைத்திருக்கிறேன்.

அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "நம்ம கரட்டுல கெடக்குற கள்ளிமுளையான் மாதிரியில்லடா இருக்கு" என்றார். மாதிரி என்ன, சொந்தமேதான். தாவரவியலில் கரலுமா என்பார்கள். சின்ன வயதில் ஆடு மேய்க்கப் போனால் தாகத்துக்கு அதை ஒடித்துப் பட்டையோர நாரை உரித்துக் கடிப்பார்களாம். புளிப்பும் லேசாகக் கசப்பும். இப்போது அதையே உடம்பு இளைக்க மாத்திரையில் அடைத்து விற்கிறார்கள்.

"அப்ப இதையும் அரைக்கலாமா?"

வேண்டவே வேண்டாம் என்று கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

03.11.2024, ஞாயிறு

ஊரிலிருந்து மாமா ஒரு மஞ்சப்பை நிறையக் கள்ளிமுளையான் கொண்டுவந்தார். அம்மா உளுந்து, வரமிளகாய், புளி வைத்து வதக்கித் துவையல் அரைத்துவிட்டார். தொட்டிக்கு என்று கேட்டு வாங்கியது ரெண்டு கொம்பு. ஸ்டாப்பேலியாவுக்குப் பக்கத்தில் காய்கிறது. கீழ்வீட்டுக்கும் ஒரு கிண்ணம் துவையல் போனது. எந்தச் செடி என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்களாம்.