ஐயாவின் டிரங்குப் பெட்டி

அப்பத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் பரணில் இருந்த ஐயாவின், அதாவது தாத்தாவின், டிரங்குப் பெட்டியை இறக்கினோம். துணி முடிச்சில் மூன்று பதக்கங்கள், நான்காக மடித்த பட்டாள டிஸ்சார்ஜ் தாள், கைப்பிடி ஒடிந்த ஒரு சின்னக் கப். ஐயா பட்டாளத்தில் இருந்தார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். மழை பிடித்தால் இரவெல்லாம் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார், ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

தேவிபட்டினத்து உப்புக்காற்றில் பதக்கங்கள் பச்சை பூத்திருந்தன. நல்ல எண்ணத்தில் சித்தி ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். பளபளப்பு வந்தது, இத்தனை வருஷத்து நிறம் போனது. உங்கள் வீட்டில் கிடைத்தால் புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். காய்ந்த பருத்தித் துணியால் மெல்ல ஒற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள், போதும்.

மீதி இரண்டையும் அப்படித்தான் துடைத்தேன். ஆறு முனை நட்சத்திரம் ஒன்றை செல்போன் டார்ச்சில் சாய்த்துப் பார்த்தபோது நடுவட்டத்தில் எழுத்து தெரிந்தது: 'தி பர்மா ஸ்டார்'. அப்பா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. இரண்டாம் உலகப் போரில், 1941 டிசம்பர் முதல் 1945 செப்டம்பர் வரை பர்மா போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது அது. சித்தி தேய்த்த நட்சத்திரம் 1939–45 ஸ்டார். அதன் ரிப்பனில் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம்: கடற்படை, தரைப்படை, விமானப்படை. வட்டமானது போர்ப் பதக்கம், இரட்டைத் தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம்.

அப்புறம் பட்டாள ஆவணம். முதலில் போன அலுவலகத்தில் "இவ்வளவு பழசெல்லாம் கிடைக்காது" என்று தாளைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார்கள். விட மனசில்லை. டிஸ்சார்ஜ் தாளில் ஐயாவின் படை எண்ணும், 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' என்ற பெயரும் இருந்தன. பாலம் கட்டி, பாதை போட்டு, கண்ணிவெடி அகற்றிய படை அது. அந்தப் படைக்காரர்களைத் 'தம்பி' என்றே அழைப்பார்களாம். எண், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகல்களோடு பெங்களூரில் இருக்கும் அந்தப் படையின் ஆவண அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து ஒரு பக்கப் பதில்: 1942இல் சேர்ந்தார், பர்மாவில் பணி, 1946இல் விடுவிப்பு. அந்த எண் இல்லையென்றால் எதுவும் நடந்திருக்காது, முதலில் அதைத் தேடுங்கள்.

கப்பைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அடியில் 'டக் ஆஃப் வார், 1946' என்று வெட்டியிருக்கிறது. வடம் இழுக்கும் போட்டி! சின்ன வயதிலிருந்து கரைவலை இழுத்த கைக்கு அது புதிதா என்ன? ஊர் திரும்பிய பின்னும் பாய்மரப் போட்டியில், வத்தை என்கிற படகின் குறுக்கே நீட்டிய பலகையில் ஏறி நின்று, படகு சாயாமல் எடை கொடுப்பது ஐயாதான் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார்.

அந்தக் கப்பில் அப்பத்தா சுண்ணாம்பு வைத்திருந்தார். உள்ளே வெள்ளைத் தடம் இன்னும் இருக்கிறது. அதை மட்டும் நான் துடைக்கவில்லை.