மறுப்பு எந்தப் பந்தியில் வருகிறது?

பத்திரிகையில் செய்தி நீண்டுவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவார்கள். கடைசி நேரத்தில் விளம்பரம் ஒன்று வந்தால் முதலில் போவது கடைசிப் பந்தி. பிராந்திய நிருபர்கள் பலரும் குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலை எழுதுவது அந்தக் கடைசிப் பந்தியில்தான். 'இது குறித்து அவரிடம் வினவியபோது' என்று தொடங்குமே, அதுதான். மட்டக்களப்பிலிருந்து இரண்டு பக்கமும் கேட்டு அனுப்பிய செய்தி, கொழும்பில் அச்சேறும்போது ஒருபக்கச் செய்தியாகிவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. பக்கத்தில் இடமில்லை, அவ்வளவுதான்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஆற்று மண் அகழ்வு பற்றி எழுதியபோது இது நன்றாக உறைத்தது. அனுமதிப்பத்திரத்தில் குறித்த எல்லையைத் தாண்டித் தோண்டுகிறார்கள், கரை இடிந்து வயலைத் தின்கிறது என்பது ஊராரின் முறைப்பாடு. வலையிறவுப் பாலத்தைக் கடந்து மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். கரை இடிந்திருந்தது உண்மை. மருத மரமொன்றின் வேர் பாதி வெளியே தொங்கியது. ஆனால் எல்லைக் கல் எங்கே என்று கேட்டால் இரண்டு பேர் இரண்டு இடத்தைக் காட்டினார்கள். ஒப்பந்தகாரரிடமும் போனேன். அனுமதிப்பத்திரத்தின் போட்டோ கொப்பியைக் காட்டி, கரையை உடைத்தது வெள்ளம்தான் என்றார். எல்லாவற்றையும் எழுதினேன். அச்சில் அவருடைய பதில் இல்லை.

அடுத்த கிழமை சந்தையில் அவரே எதிரில் வந்தார். "கடதாசியெல்லாம் காட்டினேனே மனே, மறுகா அது எங்க?" கொழும்பில் வெட்டிவிட்டார்கள் என்றேன். நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அதன் பிறகு மறுப்பை இரண்டாம் பந்திக்கு ஏற்றிவிட்டேன். சில வேளை குற்றச்சாட்டையும் பதிலையும் ஒரே வசனத்தில் கட்டிவிடுவேன். 'எல்லை தாண்டித் தோண்டுவதாக ஊரார் கூற, அனுமதிக்கு உட்பட்டே தோண்டுவதாக ஒப்பந்தகாரர் மறுத்துள்ளார்.' வசனம் நீளம்தான். ஆனால் வெட்ட வராது.

இரண்டு பக்கத்தையும் போட்டாயிற்று, வேலை முடிந்தது என்று இருப்பதும் சோம்பேறித்தனம்தான். எல்லைக் கல் ஒரு இடத்தில்தானே இருக்க முடியும்? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பித்தால், தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். அனுமதியோடு இணைந்த வரைபடத்தைக் கேட்டு எழுதினேன். அது கைக்கு வந்தபோது குழியின் ஒரு பகுதி எல்லைக்கு வெளியே இருந்தது தெரிந்தது. அதையும் எழுதினேன், அவருடைய பதிலோடு. அந்தச் செய்தியும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இந்த முறை சந்தையில் என்னை மறித்துக் கேட்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

சரி, இப்படி அலைந்தால் என்ன கிடைக்கும்? பிராந்திய நிருபர்களான எங்களில் பெரும்பாலானோருக்குச் சம்பளம் கிடையாது. அச்சில் வரும் லைன் கணக்கில் கட்டணம், படத்துக்குத் தனியாகக் கொஞ்சம். படுவான்கரைக்கு இரண்டு தரம் போய் வந்தால் பெற்றோலுக்கே காணாது. ஊடகவியலாளர் சந்திப்பில் உட்கார்ந்தால் அறிக்கை வட்ஸ்அப்பில் வந்துவிடும், சாப்பாட்டுப் பார்சலும் உண்டு. சில இடங்களில் "பெற்றோல் காசு தம்பி" என்று சட்டைப் பைக்குள் உறை ஒன்றை வைக்கப் பார்ப்பார்கள். நான் வாங்குவதில்லை. வாங்குகிறவர்களைத் திட்டவும் எனக்கு வாய் வராது. அந்த உறையில் பாதிப் பொறுப்பு லைன் கணக்குப் போடும் முதலாளிகளுடையது.

வீரகேசரிப் பத்திரிகைக்கு எழுதிய ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த ஊர்க்காரரான ஊடகவியலாளர் தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அவர்களின் நினைவு நாட்களில் ஊடக சுதந்திரம் பற்றி நிறையப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். கட்டணம் பற்றி மட்டும் மேடையில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலியல் வன்முறைக்கு உள்ளானவரை அடையாளம் காட்டிப் பிரசுரிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 365 சி பிரிவின்படி குற்றம். பெயரை விட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே ஒரு பாடசாலை உள்ள கிராமத்தில் வகுப்பையும் தகப்பனின் தொழிலையும் போட்டால் பெயர் எதற்கு? கிராமத்தின் பெயரே அதிகம்.

அப்படியொரு செய்தியை மாவட்டத்தின் பெயரோடு நிறுத்தி அனுப்பினேன். செய்தி மேசையிலிருந்து அழைப்பு வந்தது.

"எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் எண்டு இல்லாமல் இதில என்ன செய்தி இருக்கு?"

"சந்தேக நபர் கைது, நீதவான் முன் ஆஜர், விளக்கமறியல். அதுதான் ஐயா செய்தி."

உள்பக்கத்தில் நாலு லைனாக வந்தது. கட்டணமும் நாலு லைனுக்குத்தான்.