தென்னை ஏறும் கருவி, பந்தாட்ட வரிசையில்

பொள்ளாச்சிப் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். தென்னை ஏறும் கருவியில், கால் வழுக்கினால் தானே இறுகிக்கொள்ளும் பூட்டு ஒன்று செய்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தேன். படிவம், வரைபடம், கட்டணம் எல்லாம் ஆன்லைனிலேயே முடிந்தது. அடி விழுந்தது வகைப்பாட்டில், அதாவது கண்டுபிடிப்பு எந்த ரகம் என்று குறியீடு போட்டுப் பிரிப்பதில்.

இதே மாதிரி ஏற்கெனவே இருக்கிறதா என்று தேட ஒருவருக்குப் பணம் கொடுத்திருந்தேன். சர்வதேச வகைப்பாட்டில் ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவு, ஏ01 விவசாயம். தேங்காய் என்றதும் அவர் நேரே ஏ01டி 46-க்குப் போய்விட்டார், பழம் பறிக்கும் கருவிகள் இருக்கும் இடம். என் பங்குக்கு நான் ஏணிகள் இருக்கும் இ06சி-யைப் புரட்டினேன். "ஒண்ணும் இல்ல சார், தைரியமா போடுங்க" என்றார். போட்டேன்.

18 மாதம் கழித்துக் காப்புரிமை இதழில் வெளியானபோது வகைப்பாடு ஏ63பி 27 என்று இருந்தது. ஏ63பி என்றால் உடற்பயிற்சி, நீச்சல், பந்தாட்டச் சாமான். யாரோ தூக்கக் கலக்கத்தில் தட்டிவிட்டார்கள் என்று பட்டறையே சிரித்தது.

காப்புரிமை அலுவலகத்தின் முதல் ஆய்வறிக்கை வந்ததும் சிரிப்பு நின்றது. எனக்கு எதிராகக் காட்டிய மூன்று பழைய ஆவணங்களும் ஏ63பி 27. அந்தத் தொகுதியின் தலைப்பே கம்பம், மரம் ஏறும் கருவிகள்தான்! என் கருவி தேங்காய் பறிக்கவில்லை, மரம் ஏறுகிறது. வகைப்பாடு பார்ப்பது அதைத்தான். கொடுத்த பணம் போனது போனதுதான்.

பதில் சொல்ல 6 மாதம் இருந்தது. முதல் கிளெய்மில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறேன் என்று சொல்லும் வாசகத்தில், 'மரம் ஏறும் கருவி' என்று ஊரையே வளைத்திருந்தேன். அதை வெட்டி, பூட்டின் அமைப்போடு நிறுத்தினேன். விசாரணையில் பூட்டைப் பற்றி மட்டும் பேசினேன். போன மாதம் காப்புரிமை கிடைத்துவிட்டது.

தேடப் போகிறவர்கள் முதலில் உங்கள் கருவிக்கு நெருக்கமான பழைய காப்புரிமை ஒன்றைப் பிடியுங்கள். முதல் பக்கத்தில் 51 என்ற எண்ணுக்கு எதிரே இருக்கும் குறியீட்டை வைத்து மறுபடி தேடுங்கள். வகைப்பாட்டுப் பட்டியலில் உட்தொகுதித் தலைப்பைத் தனியாகப் படிக்காதீர்கள். முன்னால் உள்ள புள்ளிகளை எண்ணி, மேலே உள்ள, புள்ளி குறைந்த தலைப்போடு சேர்த்துப் படித்தால்தான் அர்த்தம் வரும். வைப்போ (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) தளத்தில் ஐபிசிகேட் என்று ஒன்று இலவசமாக இருக்கிறது: சுருக்கத்தைப் போட்டால் குறியீடு சொல்லும். பயிர்ப் பெயரை எடுத்துவிட்டும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

அடுத்து மட்டை உரிக்கும் இயந்திரம். ஏ23என் 5. இந்தத் தடவை நானே பார்த்துவிட்டேன்.