வற்றத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது?

ஒரு கழிமுகத்தில் நாங்கள் நட்ட சுரபுன்னை என்ற அலையாத்தி மரக் கன்றுகளில் பெரும்பகுதி ஓராண்டுக்குள் பட்டுப்போன பிறகுதான், சிதம்பரத்துக்கு அருகிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பார்த்து வரும்படி நிறுவனம் எங்களை அனுப்பியது. நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைப் படிவத்தில் நிரப்புவது என் வேலை. பிழைத்தவற்றை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு அலையாத்திக் காடு வளர்க்க நிதி வந்தது, நிதியோடு இலக்கு எண்களும் வந்தன. தாய்மரத்திலேயே முளைவிட்டு ஈட்டிபோல் தொங்கும் சுரபுன்னைக் காயைச் சேற்றில் குத்தினால் போதும் என்பதால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் நட்டுவிடலாம், புகைப்படமும் நன்றாக அமையும். நாங்கள் அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்து முகத்துவாரத்துக்கும் இடையில், ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் கிடக்கிறது பிச்சாவரம். படகில் போகிறவர் கண்ணுக்கு, வளைந்த தாங்குவேர்களை ஊன்றி வாய்க்கால் ஓரம் நிற்கும் சுரபுன்னையே காடு முழுவதும் நிறைந்திருப்பதாகத் தோன்றும். அந்த ஓரப்பட்டையைத் தாண்டி இறங்கியபோதுதான், பெரும்பரப்பு வெண்கண்டல் என்ற இன்னொரு அலையாத்தி மரத்துக்கு உரியது என்பது தெரிந்தது. அதன் மூச்சுவேர்கள் பென்சில்களை நட்டுவைத்ததுபோல் சேற்றுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தன. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயரைத் தந்த தில்லை மரமும் அங்கங்கே இருந்தது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று சொல்லி, எங்களுடன் வந்த இருளர் பெரியவர் ஒரு கிளையை விலக்கிவிட்டார்.

இந்தக் காடும் ஒரு காலத்தில் அழிந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலம் தொடங்கி 1970கள் வரை இது பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டப்பட்டது. நிழல் இழந்த சேறு வெயிலில் ஈரம் வற்றி அமிழ்ந்து, தொட்டிபோல் பள்ளமாகியது. ஏற்றத்தில், அதாவது கடல்மட்டம் உயரும்போது, புகுந்த நீர், அது தாழும் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பு மிகுந்துவிட்டதால் அங்கே விழுந்த விதைகள் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் உள்ளூர் மக்களோடும் சேர்ந்து, ஒரு முதன்மை வாய்க்காலும் அதிலிருந்து சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்களுமாக, மீன்முள் வடிவில் வெட்டி, அவற்றை இயற்கை ஓடைகளோடு இணைத்தது. நீர் வந்துபோகத் தொடங்கிய பிறகு வாய்க்கால் சரிவில் வெண்கண்டலை நட்டார்கள்.

பெரியவர் பிழைப்பே இந்த நீரோட்டத்தை ஒட்டியதுதான். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் தவழ்ந்து, கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கு ஏற்றமும் வற்றமும் எங்கே, எவ்வளவு என்பது தெரியாமல் இருக்க முடியாது. அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “தம்பி, நீங்க நட்ட எடத்துல வத்தத்துக்குத் தண்ணி எந்தப் பக்கம் போவுது?” அட்சரேகை, தீர்க்கரேகை, கன்றுகளுக்கு இடையேயான தூரம் என்று எல்லாம் என் கோப்பில் இருந்தன, இதற்கான பதில் மட்டும் இல்லை.

ஊர் திரும்பியதும், கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலைக் கடன் வாங்கி, பட்டுப்போன கன்றுகளுக்கு நடுவே மூன்று வாரம் மட்டம் பார்த்தோம். வடக்கு மூலையைத் தவிர மற்ற இடமெல்லாம் கிண்ணம்போல் குழிந்திருந்தது. அந்த மாத அறிக்கையில் நட்ட கன்றுகள் என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினேன். தட்டச்சுப் பிழையா என்று தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு முறை கேட்டார்கள்.