பழைய அளவு

2025 ஜூன் 23, திங்கள்

நேற்று அக்காவுக்குக் கொள்ளி வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை தையல் மெஷினுக்கு முன்னால் சரிந்தவள் மத்தியானத்துக்குள் போய்விட்டாள். அந்த நேரம் நான் கொழும்பில், வெள்ளவத்தையில் கணக்குப் புத்தகத்தோடு இருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து மூன்று அழைப்புகள். கடன் அட்டை விற்பவர்கள் என்று எடுக்கவில்லை. நான்காவதாக அழைத்தவர் சித்தப்பா. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இரவு ரயிலில் திருகோணமலைக்கு வந்து இறங்கினால், வீட்டுக் கதவைத் திறந்தது ஒரு பையன். அந்த மூன்று அழைப்புகளும் அவனுடையவை. என் அறையில் அவன் பாய். அவனும் தலையை மழித்திருந்தான். “இவன் யார் மொட்டையடிக்க?” என்று சித்தப்பா முற்றத்தில் கத்தினார். நான் வாய் திறக்கவில்லை. எனக்குள்ளும் அதே கேள்விதான்.

அக்கா அவனைச் சின்னவன் என்று கூப்பிடுவாளாம். இந்த வீட்டில் சின்னவன் என்றால் நான்தான்.

வாசலில் கட்டிய குருத்தோலைத் தோரணத்தை இரவோடிரவாக மான் தின்றுவிட்டது. கோட்டைப் பக்கத்து மான்களுக்குச் செத்த வீடும் ஒன்றுதான், கல்யாண வீடும் ஒன்றுதான்.

ஜூன் 24, செவ்வாய்

காடாற்று. சாம்பலைக் கடலில் கரைக்கச் சின்னவன் படகு ஒழுங்கு செய்திருந்தான். கரையில் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. அப்பாவின் படகு. பச்சையாக இருந்ததற்கு இப்போது நீலம் அடித்திருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 அம்மாவையும் பழைய மர வள்ளத்தையும் கொண்டுபோனது. அடுத்த வருடம் நிவாரணமாகக் கிடைத்த பைபர் படகு இது. அப்பா ஏழு வருடம் ஓட்டினார். அவர் போன பிறகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. 2016இல் அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டாள். அன்று முதல் மாதம் ஒரு தொலைபேசி, ஐந்து நிமிடம், மழை பெய்ததா, சாப்பிட்டாயா. அதற்கு மேல் நான் பேசவில்லை. கடலுக்குப் போகத் தெரியாதவன் அந்தப் படகை வைத்து என்ன செய்திருப்பேன்? ஒன்றும் செய்திருக்க மாட்டேன். கேட்டிருக்கலாம் அல்லவா, அதுதான் என் வழக்கு.

படகுக்காரர் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

ஜூன் 27, வெள்ளி

எட்டுச் செலவு, எட்டாம் நாள் படையல். அக்காவுக்குப் பிடித்ததெல்லாம் படைத்தோம். எது பிடிக்கும் என்று சொன்னவன் சின்னவன்.

ஜூலை 3, வியாழன்

கச்சான் காற்று வீட்டை அடுப்பாக்கி வைத்திருக்கிறது. வேறு வேலையில்லாமல் அலுமாரியைத் திறந்தேன். அடித்தட்டில் எட்டுச் சட்டைகள். காலருக்கு உள்ளே இரட்டைத் தையல், அக்காவின் கை. எல்லாம் என் பழைய அளவு. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் ஒன்று தைத்து வைத்திருக்கிறாள். படகு விற்ற பிறகு நான் வராத பொங்கல்கள் ஒன்பது. ஒன்பதாவது சட்டை சின்னவன் உடம்பில் இருக்கிறது, பார்த்தவுடன் தெரிந்தது. அவனுக்கு அளந்து தைத்ததுபோல் இருக்கிறது.

எனக்கு இப்போது ஒன்றிலும் பொத்தான் பூட்டாது.

ஜூலை 13, ஞாயிறு

கிண்ணியாவுக்கு, அக்காவின் முஸ்லிம் தோழி ராத்தா வீட்டுக்குப் போனேன். சுனாமிக்குப் பிறகு பெண்களுக்கு நடந்த தையல் வகுப்பில் அக்காவுக்குப் பக்கத்து மெஷின் அவருடையது. அவருடைய இளைய மகளும் அதே அலையில் போனவள். அந்த நாட்களில் பாதை என்ற மிதவையில் ஏறித் தண்ணீரைக் கடந்து துணி கொண்டுவருவார். 2009இல் பாலம் வந்தது, 396 மீற்றர். பஸ் ஒரு நிமிடத்தில் தாண்டிவிடுகிறது. அப்படியும் நான் ஒருநாள்கூட அவர் வீட்டுக்குப் போனதில்லை.

படகை ஏன் விற்றாள் என்று கேட்டேன்.

“நானும் கேட்டேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டாள்.”

அவ்வளவுதான். இனிக் காரணம் தெரியப் போவதில்லை. தேநீர் ஆறும்வரை சும்மா இருந்தேன். பிறகு, என்னை மன்னித்திருப்பாளா என்றும் கேட்டுவிட்டேன்.

“அதை நான் எப்படிச் சொல்ல முடியும் தம்பி? உன்னைத் தலைக்கனம் பிடித்தவன் என்று ஏசுவாள். ஏசிக்கொண்டே உன் சட்டைக்குக் காலர் வைப்பாள்.” கொஞ்சம் பொறுத்து, “என்னிடம் ஏன் கேட்கிறாய்? உனக்கு மூன்று தரம் போன் அடித்தவன் அந்த வீட்டில் இருக்கிறான். அவனிடம் போய்க் கேள்” என்றார்.

சின்னவன் கதையையும் அவர்தான் சொன்னார். சுனாமியில் ஏழு மாதக் குழந்தை. தேடி யாரும் வரவில்லை. சிறுவர் இல்லத்தில் வளர்ந்தான். அங்கே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கப் போன அக்கா, பதினெட்டு வயதில் அவன் வெளியே வந்ததும் கூட்டிவந்துவிட்டாள். இப்போது ஆட்டோ திருத்துகிறான். அக்காவை அம்மா என்று கூப்பிட்டவன்.

இதில் ஒன்றையும் அக்கா தொலைபேசியில் என்னிடம் சொல்லவில்லை. ஐந்து நிமிடத்தில் எதைச் சொல்வாள்?

ஜூலை 20, ஞாயிறு

அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. கன்னியா வெந்நீர் ஊற்று. இராவணன் தன் தாயின் கிரியைக்காக ஏழு இடத்தில் குத்தி வரவழைத்த நீர் என்பார்கள். ஏழு கிணற்றிலும் ஏழு சூடு.

கிரியைக்கு உட்காரும்போது சின்னவனை இழுத்து எனக்குப் பக்கத்தில் இருத்தினேன். ஐயர் தர்ப்பை மோதிரம் இரண்டு முடிந்தார். சித்தப்பா பாதியில் எழுந்து போய்விட்டார். அவர் செய்தது சரியில்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு படகுக்காக ஒன்பது வருடம் முறைத்தவன் நான்.

ராத்தா சோற்றுப் பார்சல்களோடு மர நிழலில் இருந்தார். முடிந்ததும் எங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, துஆ கேட்க ஓரமாகப் போனார்.

ஈரத் துணியோடு கிணற்றுக் கட்டில் இருந்தபோதுதான் கேட்டேன். அன்று நான் எடுத்திருக்க வேண்டும், மன்னித்துக்கொள் என்று.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “மூன்றாம் தரம் போனை அம்மாவின் காதில்தான் வைத்திருந்தேன் அண்ணா. மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்” என்றான்.

பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, சளி பிடிக்கும் என்று தன் துவாயை என் தலையில் போட்டான்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை, அப்பாவின் நாள். துடக்குக் கழிந்துவிட்டது, செய்யலாம் என்றார் ஐயர். விடியற்காலையிலேயே கடற்கரை நிறைந்துவிட்டது. சின்னவன் தள்ளி நின்றான்.

“பெயர் தெரியாதவருக்கு எள் இறைக்கலாமா அண்ணா?”

எனக்குத் தெரியவில்லை. அவனையும் ஐயருக்கு முன்னால் இருத்தினேன். தகப்பனார் பெயர் என்று ஐயர் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் எங்கள் அப்பாவின் பெயரைச் சொன்னேன். ஒரே பெயர் இரண்டு தரம் வந்ததை ஐயர் கவனிக்கவில்லை; எங்களுக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, கசக்கும் காத்தோட்டிக்காயைச் சமைத்தோம். “உப்புத் தண்ணீரில் ஊறவிட்டீர்களா? அவள் அப்படித்தான் செய்வாள்” என்று ராத்தா தொலைபேசியில் கேட்டபோது கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. ஊறவிடவில்லை.

காகத்துக்குப் படலையடியில் வைத்த சோற்றை ஒரு மான் வந்து தின்றது. சின்னவன் விரட்ட எழுந்தான். விடச் சொன்னேன். இன்னொரு இலையில் போட்டு மதிலின் மேல் வைத்துவிட்டு, பசியோடு இருவரும் திண்ணையில் காத்திருந்தோம்.