தங்கூசியில் முடிச்சு மட்டும் மிஞ்சியது

படிகாரக் கரைசலில் ஒரு பெரிய பளிங்கு வளர்க்க நான் தொங்கவிடும் வித்துப் பளிங்குகளில் மூன்றாவதும் போய்விட்டது. இரவு பத்து மணிக்குத் தங்கூசியில் (நைலோன் மீன்பிடி நூலில்) கட்டித் தொங்கவிட்டதை மறுநாள் பிற்பகல் வந்து பார்த்தால், வெறும் முடிச்சு கரைசலுக்குள் ஆடிக்கொண்டிருக்கிறது. ஐந்து மில்லிமீற்றர் எண்முகி, ஒரு கீறலும் இல்லாதது. ஒரு தட்டு நிறையப் பளிங்குகளைக் கவிழ்த்து, லென்ஸ் வைத்துத் தேடி எடுத்தது அது.

குற்றம் என்னுடையது, பாதி மட்டக்களப்பு வெயிலுடையது. கரைசலை நான் நிரம்பச் செய்வது, அதாவது இனிக் கரையாது என்னுமளவுக்குப் படிகாரம் கரைப்பது, இரவில், அறை 27 பாகையில் இருக்கும்போது. இது கச்சான் வீசும் காலம். பகலில் வீட்டுக்குள்ளேயே 33ஐத் தாண்டுகிறது. படிகாரமோ சூட்டுக்குச் சூடு கூடுதலாகக் கரையும் சாமான்: 100 மில்லிலீற்றர் நீரில் 20 பாகையில் ஏறத்தாழ 14 கிராம், 50 பாகையில் 36 கிராமுக்கு மேல். இரவில் வயிறு நிறைந்திருந்த கரைசலுக்கு நண்பகலில் மறுபடி பசி எடுக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் என் வித்து! கறியுப்பில் இந்தத் தொல்லை இல்லை. 20 பாகையில் 36 கிராம், கொதிக்கிற நீரிலும் 39தான். அதனால் உப்பை ஆறவைத்து வளர்க்கவும் முடியாது; நீர் ஆவியாகும்வரை காத்துக்கிடக்க வேண்டும். அந்தப் பொறுமை எனக்கில்லை.

இனித் தொங்கவிடுமுன் டோர்ச் சோதனை செய்யாமல் விடுவதில்லை. இதைப் பலர் வீண் வேலை என்பார்கள். எனக்கு இதுதான் முழு வித்தையும். போத்தலுக்குப் பின்னால் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு, போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு துண்டுப் படிகாரத்தை உள்ளே இறக்குவேன். கை அசையக் கூடாது, மின்விசிறி ஓடக் கூடாது. கொஞ்ச நேரத்தில் துண்டைச் சுற்றி, தார் வீதியில் தெரியும் கானல்போல, மெல்லிய இழைகள் நெளியும். இழை கீழே வழிந்தால் துண்டு கரைகிறது: அதைத் தின்ற நீர் கனத்து அமிழ்கிறது. மேலே எழுந்தால் துண்டு வளர்கிறது: படிகாரத்தைப் பறிகொடுத்த நீர் இலேசாகி ஏறுகிறது. இழையே இல்லையென்றால் கரைசல் சரியாக நிரம்பியிருக்கிறது. கழுத்து வலிக்க அரை மணி நேரம் குனிந்திருந்து, முதன்முதலாக இழை மேலே போனதைப் பார்த்த இரவில் வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன். ஒருவரும் மகிழவில்லை.

வெப்பம் ஏறி இறங்குவதை அடக்க, மீன் வியாபாரி அண்ணனிடம் பழைய ரெஜிபோம் (வெண்ணுரை) பெட்டி ஒன்று கேட்டேன். "தம்பி, உள்ளே என்ன வளர்க்கப் போகிறீர்கள்?" என்றார். கல் என்றேன். காசு வாங்க மறுத்துவிட்டார். தேசிக்காய் போட்டு நாலு தரம் கழுவியும் சூரை மணம் போகவில்லை. பெட்டிக்குள் போத்தலோடு இரண்டு ஐந்து லீற்றர் தண்ணீர்க் கலன்களையும் வைத்தேன். ஒரு கிராம் நீரை ஒரு பாகை சூடாக்க 4.2 யூல் வேண்டும். மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஐதரசன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருப்பதால் நீர் சுலபத்தில் சூடேறாது, சுலபத்தில் ஆறாது. இப்போது பெட்டிக்குள் நாள் முழுவதும் ஒரு பாகைதான் வித்தியாசம்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு முறைப்பாடு. முதலில் எங்கள் கிணற்று நீரைத்தான் எடுத்தேன். முதல் சிட்டிகை படிகாரம் போட்டதுமே பஞ்சு பஞ்சாக மிதந்தது. "வெள்ளம் வடிந்தால் கலங்கல் தெளிய இதைத்தானே போடுவோம்" என்று அம்மா சிரித்தார். நீரில் கரைந்திருக்கும் இருகாபனேற்றோடு சேர்ந்து அலுமினியம் கூழ்போன்ற ஐதரொட்சைட்டாகிறது. அந்தக் கூழ் சேற்றை அள்ளிக்கொண்டு அடியில் படிகிறது. குடிநீருக்கு நல்லது, எனக்கு ஆகாது. மிதக்கும் ஒவ்வொரு துகளும் ஒரு வித்தாகி, போத்தலடி முழுக்கக் குறுணிக்கற்கள் முளைத்துவிடுகின்றன. இப்போது பெற்றறிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர்தான். நாட்டு மருந்துக்கடைப் படிகாரத்தில் மண் அதிகம். சூடாகக் கரைத்து இரண்டு தரம் வடிக்கிறேன்.

நாலாவது வித்துக்கு இன்று பதினோராம் நாள். 19 மில்லிமீற்றர். இதில் நூற்றுக்கு 45 பங்குக்கு மேல் எடை தண்ணீருடையது என்பதை யாரும் நம்புவதில்லை. நீர் மூலக்கூறின் ஒட்சிசன் பக்கம் சற்று எதிரேற்றம் உள்ளது. படிகாரத்திலுள்ள நேரேற்ற அயன்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன: பொற்றாசிய அயன் ஆறு மூலக்கூறுகளையும் அலுமினிய அயன் ஆறு மூலக்கூறுகளையும் அந்தப் பக்கத்தால் சுற்றி நிறுத்திக்கொள்கின்றன. கரைத்தபோது பிடித்த நீரைக் கல்லான பிறகும் விடுவதில்லை.

ஊதா நிறக் குரோம் படிகாரத்துக்கும் அமைப்பு இதேதான். ஒன்றின் மேல் மற்றொன்று வளரும். நடுவில் ஊதா, வெளியே கண்ணாடி! கொழும்புக்குப் போகும் மைத்துனரிடம் இரசாயனக் கடைகளில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். நீலப் பளிங்கு தரும் துரிசும் (செப்புச் சல்பேற்று) ஒரு போத்தல் வாங்க எண்ணம்.

அதற்குமுன் இது முடிய வேண்டும். நேற்று இடப்பக்க முகமொன்றில் வெண்புகைபோல ஒரு திட்டு விழுந்திருக்கிறது. மூடியைத் திறந்து திறந்து பார்த்ததால் கரைசல் திடீரென ஆறியதோ என்று சந்தேகம். நாளை மறுநாள்வரை திறப்பதில்லை என்று பெட்டியைச் சுற்றி ஒட்டுநாடா சுற்றிவிட்டேன். டோர்ச் இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது.